ஆண்டு பொறிக்காத குழல்கள்: இடைக்கால ஐரோப்பியக் கைப்பீரங்கிகளும் அவற்றின் காலமும்

ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் படைக்கலக் கூடங்களில், நீண்ட வாள்களுக்கும் மெருகேறிய கவசங்களுக்கும் நடுவே, பார்வையாளர் பெரும்பாலும் நின்று நோக்காத சில சிறு பொருள்கள் உண்டு. ஒரு சாண் அல்லது இரு சாண் நீளமுள்ள தடித்த உலோகக் குழல். ஒரு முனை திறந்தது, மறுமுனை அடைபட்டது. அடைபட்ட முனையருகே ஊசித்துளை போன்றதொரு சிறு துளை. அழகோ அணிவேலைப்பாடோ பெரிதும் இல்லை. மனிதன் தன் கையில் ஏந்திச் சுட்ட முதல் தலைமுறைச் சுடுகலன்கள் இவை. இன்று தமிழில் ‘கைத்துப்பாக்கி’ என்றால் இடுப்பில் செருகும் சிறு துப்பாக்கியே நினைவுக்கு வரும். ஆதலால் இப்பழங்கலன்களைக் ‘கைப்பீரங்கி’ என்று வழங்குவதே பொருத்தம்.

இவற்றின் அருகே வைக்கப்பட்டுள்ள விளக்க அட்டைகளில் ‘கி.பி. 1350 அளவில்’, ‘கி.பி. 1400 அளவில்’ என்பன போன்ற குறிப்புகள் காணப்படும். ‘அளவில்’ என்னும் அச்சிறு சொல்லுக்குள்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த ஆண்டு எங்கிருந்து வந்தது? குழலே சொல்லியதா, குழல் கிடைத்த இடம் சொல்லியதா, அல்லது ஒத்த தோற்றமுடைய மற்றொரு குழலைப் பார்த்து ஆய்வாளர் சொல்லியதா? இம்மூன்றும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல. அட்டையில் அச்சேறிய பின்னரோ மூன்றும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கின்றன.

சீன நாட்டுக் கலன்கள் பலவற்றில் இத்தொல்லை இல்லை. உள்மங்கோலியாவில் கிடைத்த சனாடு பீரங்கியின் உடலிலேயே கி.பி. 1298ஐக் குறிக்கும் எழுத்துகள் உள்ளன. மிங் மரபின் முதற்பேரரசர் ஹொங்வூ ஆட்சிக்காலத்தைச் (1368–1398) சேர்ந்த வெண்கலக் குழல்கள் பல, ஆண்டுக் குறிப்பைத் தம் மேனியிலேயே தாங்கியுள்ளன. அரசின் பணிமனை வார்த்த கலனுக்கு அரசின் கணக்கும் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் அந்நாளில் நகரங்களும் சிற்றரசர்களும் மணி வார்ப்போரிடமும் உள்ளூர்க் கொல்லரிடமும் தமக்கு வேண்டிய கலன்களைச் செய்வித்துக்கொண்டனர். அக்கொல்லர்கள் தங்கள் குழல்களில் ஆண்டு பொறிக்கும் வழக்கத்தைக் கொண்டிருக்கவில்லை. ஆகவே 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கைப்பீரங்கியின் காலத்தைப் புறச்சான்றுகளைக் கொண்டே துணிய வேண்டியுள்ளது.

காலக்கணிப்பின் பயன்

ஒரு பழங்குழல் முப்பது ஆண்டு முந்தியதா பிந்தியதா என்பதால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். நேர்ந்தது உண்டு. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் பெர்டோல்ட் ஷ்வார்ட்ஸ் என்னும் துறவிக்கு 1853இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. வெடிமருந்தையும் சுடுகலனையும் கண்டவர் அவரே என்பதும், கண்ட காலம் 1350களின் தொடக்கம் என்பதும் மரபுவழிக் கதை. ஆனால் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகராட்சியோ 1326 பிப்ரவரியிலேயே உலோகப் பீரங்கிகளும் இரும்புக் குண்டுகளும் செய்விக்க ஆணை பிறப்பித்திருக்கிறது. கதை கூறும் ‘கண்டுபிடிப்பு’க்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கலன் வழக்கில் இருந்ததற்கு அந்த ஆணை சான்று.

ஃப்ளாண்டர்ஸ் நாட்டுக் கென்ட் நகரத்துப் பதிவேடு ஒன்றில், 1313ஆம் ஆண்டின் கீழ், ஜெர்மனியில் ஒரு துறவி சுடுகலனைக் கண்டறிந்ததாக ஒரு குறிப்பு காட்டப்பட்டு வந்தது. நூலுக்கு நூல் அது எடுத்தாளப்பட்டது. பின்னர் ஏடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தோர் அக்குறிப்பு அந்த ஆண்டுக்கு உரியதன்று எனத் தள்ளினர். அதற்குள் அது பல வரலாற்று நூல்களில் வேரூன்றிவிட்டது. ஒரு நாடு மற்றொன்றை முந்தியது என்ற பெருமைப் பேச்சும், வீரர் மரபு வீழ்ந்து புதிய போர்முறை எழுந்தது எப்போது என்ற ஆராய்ச்சியும் இத்தகைய ஆண்டுகளின் மேல்தான் கட்டப்படுகின்றன. அடித்தளக் கல் ஒன்று பெயர்ந்தால் மேலுள்ள சுவரும் சாயும்.

பெயர்களால் விளையும் மயக்கம்

கணக்கேடுகளும் வரலாற்றுக் குறிப்புகளும் துணைசெய்யும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவை துணைசெய்கின்றன, கூடவே மயக்கத்தையும் தருகின்றன. 1331இல் வட இத்தாலியின் சிவிதாலே நகர முற்றுகையை விவரிக்கும் குறிப்பு, ‘ஸ்க்லோப்பஸ்’ என்னும் கலனால் நகரை நோக்கிச் சுட்டதாகக் கூறுகிறது. அச்சொல்லின் வழிவந்த ‘ஸ்கியோப்பெட்டோ’ பிற்காலத்தில் கையில் ஏந்தும் கலனைக் குறித்தது. அதைக்கொண்டு 1331இலேயே கைப்பீரங்கி இருந்தது என்று சிலர் துணிந்தனர். ஆனால் சொல் மாறாமல் நிற்க, அது சுட்டும் பொருள் சிறுத்தும் பெருத்தும் மாறிவருவது எம்மொழியிலும் காணப்படும் நிகழ்ச்சி. 1331இன் ‘ஸ்க்லோப்பஸ்’ தோளில் ஏந்தியதா, தரையில் கட்டை மேல் வைத்ததா என்பதை அச்சொல் தானாகச் சொல்வதில்லை.

இதற்கு மாறாக, அளவையும் சேர்த்துக் கூறும் குறிப்புகள் மதிப்பு மிக்கவை. 1364இல் பெரூஜியா நகரம் ஒரு சாண் நீளமுள்ள 500 கலன்களைச் செய்வித்தது என்றும், அவை கையிலிருந்து சுடத்தக்கவை என்றும் அந்நகர வரலாற்றேடு கூறுகிறது. இங்கே பெயர் ‘பம்பார்தா’; பிற இடங்களில் பெரும்பீரங்கிக்கு வழங்கும் பெயர். பெயரை மட்டும் நோக்கினால் இவை கோட்டைச் சுவரைத் தகர்க்கும் பீரங்கிகள் ஆகிவிடும். ‘ஒரு சாண்’ என்ற அளவே உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கிலாந்தின் அரசுக் கணக்குகளில் ‘கை’ என்ற அடைமொழியோடு இக்கலன் 1380களின் இறுதியில் இடம்பெறுகிறது.

பெயர்களின் வரலாறு தனிச் சுவையுடையது. ஜெர்மானியர் இதனைப் ‘பூக்சே’ என்றனர். அதற்குச் சிமிழ், பெட்டி என்பது பொருள். செக் மொழியினர் ‘பீஷ்த்தலா’ என்றனர்; அது ஊதுகுழலின் பெயர். 1419 முதல் 1434 வரை நடந்த ஹுசைட் போர்களில் உழவரும் தொழிலாளரும் வண்டி அரண்களின் பின்னிருந்து இக்குழல்களால் கவசம் பூண்ட குதிரை வீரரைத் தடுத்து நிறுத்தினர். தமிழில் வழங்கும் ‘துப்பாக்கி’ என்ற சொல்லும் துருக்கிய ‘துஃபெக்’ என்பதன் வழிவந்தது. அதன் பழம்பொருளும் ஊதிச் செலுத்தும் குழலே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகள் இக்கலனைக் கண்டவுடன் ‘குழல்’ என்றே அழைத்தன. ஆனால் வேர்ச்சொல் ஆராய்ச்சி ஒரு பொருளின் ஆண்டைத் தருவதில்லை.

உறுப்புகள் காட்டும் நெறி

ஆகவே ஆய்வாளர் பொருளையே கூர்ந்து நோக்கத் தலைப்பட்டனர். முதலில் நோக்கத்தக்கது, குழலை மரத்தோடு இணைத்த முறை. இதனை மூவகைப்படுத்தலாம். குழலின் பின்முனையில் பொந்து விட்டு, அதில் மரத்தடியைச் செருகியது ஒருவகை. ஈட்டி முனைக்குக் காம்பு செருகுவது போன்றது இது. குழலோடு ஒன்றாக அடித்துநீட்டிய இரும்புத் தண்டே பிடியாக அமைந்தது மற்றொரு வகை. நீண்ட மரக்கட்டையில் பள்ளம் குடைந்து, குழலை அதில் கிடத்தி இரும்புப் பட்டைகளால் இறுக்கியது மூன்றாம் வகை. பிற்காலத் துப்பாக்கிக் கட்டையின் முன்னோடி இம்மூன்றாம் வகையே. ஆனால் ஒருவகை மறைந்தபின் மற்றொருவகை தோன்றிற்று என்று கொள்வதற்கு இடமில்லை. மூன்றும் நெடுங்காலம் உடன் வழங்கின.

அடுத்தது தீத்துளை. பழங்குழல்களில் அது பெரும்பாலும் மேற்புறத்தே உள்ளது. பழுக்கக் காய்ச்சிய கம்பியையோ புகையும் திரியையோ அதில் வைத்துச் சுட்டனர். ஒருகை குழலைத் தாங்க, மறுகை நெருப்பைத் தாங்க, குறிபார்ப்பது அரிதாயிற்று. மேற்றுளையைச் சுற்றிச் சிறு குழிவு அமைத்து மருந்து சிந்தாமல் காத்தனர். 15ஆம் நூற்றாண்டில் துளை மெல்ல மெல்ல வலப்பக்கத்துக்கு நகர்ந்து, மருந்திடும் தனிச் சிறுதட்டும் சேர்ந்தது. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் 3069ஆம் எண்ணுள்ள ஏடு 1411ஆம் ஆண்டினது. திரியைக் கவ்விய வளைந்த நெம்புகோலை விரலால் இயக்கிச் சுடும் வீரனின் படம் அதில் இருக்கிறது. இருகைகளும் குழலைப் பற்றியிருக்கச் சுட வழிகண்ட முதற்படிக்கு இப்படமே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

மூன்றாவது கொக்கி. குழலின் அடிப்புறத்தே துருத்தி நிற்கும் ஒரு முளையை மதிலின் விளிம்பிலோ மரச்சட்டத்திலோ மாட்டிச் சுட்டால், பின்னுதைப்பைச் சுவர் தாங்கிக்கொள்ளும். ஜெர்மானியர் இவ்வகையைக் ‘கொக்கிப் பூக்சே’ எனும் பொருள்பட ‘ஹாக்கன்பூக்சே’ என்றனர். ‘ஆர்க்குபஸ்’ என்ற பெயர் அதன் திரிபே.

நான்காவது, குழலின் நீளத்துக்கும் அதன் வாய் விட்டத்துக்கும் உள்ள விகிதம். இங்கு உருவத்துக்குப் பின்னே வேதியியல் நிற்கிறது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைப் பொடித்துக் கலந்த பழைய மருந்து ஈரம் ஏற்றுக் கெடும். வண்டியில் குலுங்கினால் கூறுகள் பிரிந்துபோகும். எரியும் வேகமும் ஒருசீராய் இராது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், கலவையை நனைத்துப் பிசைந்து உருட்டி உலர்த்தி மணிமணியாக்கும் முறை பரவியது. 1420ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ‘ஃபாயர்வெர்க்புக்’ என்னும் ஜெர்மானிய வெடிக்கலை நூல் இத்தகைய மருந்தைப் பற்றிப் பேசுகிறது. மருந்து சீர்பட்டபின் நீண்ட குழலால் பயன் கிட்டிற்று; குண்டு குழலுக்குள் செல்லும் நேரமெல்லாம் உந்துவிசை பெற்றது. குறுங்குழல் நெடுங்குழலாக வளர்ந்ததற்கு இதுவே தலையாய காரணம் என்பதை பெர்ட் ஹால் 1997இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார்.

இந்நான்கையும் கொண்டு ஒரு கால வரிசை அமைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நகரக் கிடங்குகளில் பழங்குழல்கள் பல்லாண்டு பேணப்பட்டன. செல்வம் மிக்க நூரம்பெர்க் நகரத்துக் கொல்லர் கண்ட புதுமை மலைச்சாரல் சிற்றூரை எட்டக் காலம் பிடிக்கும். அதுவரை அவ்வூர்க் கொல்லர் பழைய முறையிலேயே புதுக்குழல் செய்துகொண்டிருப்பார். ஆதலால் உருவத்தின் பழமை காலத்தின் பழமையாகாது.

இலக்கியங்களின் காலத்தை ஆராய்வோர் மேலெல்லை, கீழெல்லை என இரண்டு வகுத்துக்கொள்வர். இதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பது மேலெல்லை. இதற்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது என்பது கீழெல்லை. இந்நெறியே இங்கும் பொருந்தும். ஒரு குழலில் காணப்படும் புதிய உறுப்பு மேலெல்லையை மட்டும் காட்டும். பக்கத்துத் தட்டுள்ள குழல், அத்தட்டு வழக்கிற்கு வருமுன் செய்யப்பட்டிராது. ஆனால் தட்டு இல்லாத குழல் எக்காலத்தும் செய்யப்பட்டிருக்கலாம். கீழெல்லையைத் தரும் ஆற்றல் உருவத்துக்கு இல்லை. அதைத் தரவல்லது பொருள் கிடைத்த இடமே.

வீழ்ந்த கோட்டை விட்டுச்சென்ற ஆண்டு

இதற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டு டானென்பெர்க் கைப்பீரங்கி. ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் ஒரு குன்றின்மேல் டானென்பெர்க் கோட்டை இருந்தது. அதில் பங்குடைய பிரபுக்கள் வழிப்பறியில் ஈடுபட்டனர். 1399 ஜூலையில் மைன்ஸ் பேராயர், பலட்டினேட் இளவரசர், ஃப்ராங்ஃபர்ட் நகரத்தார் முதலியோர் கூட்டாகப் படையெடுத்து, பெரும்பீரங்கிகளால் கோட்டையைத் தகர்த்தனர். பின்னர் அது மீண்டும் கட்டப்படவில்லை. நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1849இல் இடிபாடுகளை அகழ்ந்தபோது, நீர்த்தொட்டிக் கிணற்றுள் ஒரு வெண்கலக் கைப்பீரங்கி கிடைத்தது. ஹெஃப்னர், வோல்ஃப் ஆகிய இருவரும் அவ்வகழாய்வை 1850இல் நூலாக வெளியிட்டனர். அக்கலன் இன்று நூரம்பெர்க்கிலுள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எண்பட்டை வடிவில் வார்க்கப்பட்ட அக்குழலின் நீளம் ஏறத்தாழ 32 செ.மீ.; எடை ஒன்றேகால் கிலோ அளவு; வாய் விட்டம் ஒன்றரை செ.மீ.யை ஒட்டியது. பின்முனையில் மரத்தடி செருகும் பொந்து உண்டு. மருந்தறை குழலைவிடக் குறுகியது. குண்டு மருந்தறைக்குள் இறங்காமல் அதன் வாயிலேயே தங்குமாறு அமைந்துள்ளது. சிறிதாயினும் தேர்ந்த கைவேலை. தொடக்கக் காலக் கருவி என்றதும் கரடுமுரடான ஒன்றை எதிர்பார்ப்போரை இது வியப்பில் ஆழ்த்தும். இத்தகைய தேர்ச்சி ஒரே நாளில் வந்திராது. இதற்கு முன் பல குழல்கள் வார்க்கப்பட்டு, வெடித்து, திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

இக்குழலின் சிறப்பு உருவத்தில் இல்லை. 1399க்குப் பின் யாரும் குடியிராத கோட்டையின் கிணற்றில் கிடைத்தது என்பதே அதன் சிறப்பு. தோற்றவர்களின் அழிவுநாள் அக்குழலுக்குக் கீழெல்லையாயிற்று. ஆனால் இங்கும் ஒரு தவறு புகுந்தது. ‘1399’ என்பது கோட்டை வீழ்ந்த ஆண்டேயன்றிக் குழல் வார்த்த ஆண்டன்று. வார்த்தது 1395இலா 1370இலா என்பதைக் கிணறு சொல்லவில்லை. எனினும் பொதுநூல்கள் பலவற்றில் ‘1399ஆம் ஆண்டுக் கைப்பீரங்கி’ என்றே இது குறிக்கப்படுகிறது. எல்லைக்கல்லையே ஊர் என்று கொண்டது போன்றது இது. பெயரொற்றுமையால் விளைந்த மற்றொரு குழப்பமும் உண்டு. 1410இல் போலந்து–லித்துவேனியப் படைகள் டியூட்டானிக் வீரர் சபையைத் தோற்கடித்த போருக்கும் ஜெர்மானியர் டானென்பெர்க் என்றே பெயர் வழங்குகின்றனர். அது பால்டிக் கடற்பகுதியை அடுத்த பிரஷ்ய நிலத்து ஊர். ஹெஸ்ஸேயின் கோட்டைக்கும் அதற்கும் எத்தொடர்பும் இல்லை.

எஸ்தோனியாவின் ஓட்டெப்பா கோட்டையில் 1956இல் அகழ்ந்தெடுத்த கைப்பீரங்கிக்கும் இம்முறையே பின்பற்றப்பட்டது. கோட்டை 1396இல் அழிந்தது என்று கொள்ளப்பட்டதால் அக்குழல் அதற்கு முற்பட்டது எனப்பட்டது. இங்கே குழலின் காலம் கோட்டை அழிந்த ஆண்டின் உறுதியைப் பொறுத்தே நிற்கும். அவ்வாண்டைப் பற்றிய கருத்து மாறினால் குழலின் காலமும் உடன் மாறியே தீரும். 1476இல் கிராண்ட்சன், முர்ட்டன் களங்களில் பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்லஸ் தோற்று ஓடியபோது, சுவிஸ் மக்கள் கைப்பற்றிய சுடுகலன்கள் மற்றொரு நல்ல கீழெல்லை. எது உண்மையிலேயே அக்கொள்ளையில் வந்தது என்பது நிறுவப்பட்டால், அது 1476க்கு முந்தியது என்பதில் ஐயமில்லை.

படமும் பொருளும் ஒன்றையொன்று தாங்குதல்

கிடைத்த இடம் எதுவும் சொல்லாதபோது ஆய்வாளர் ஓவியங்களை நாடுகின்றனர். சுவீடனின் லோஷுல்ட் என்னுமிடத்தில் 1861இல் நிலத்தில் கிடைத்த வெண்கலக் கலன் இதற்குச் சான்று. 30 செ.மீ. அளவு நீளமும் 9 கிலோ அளவு எடையும் உடைய அது, வயிறு பருத்த பூச்சாடி போன்ற வடிவினது. கோட்டையோ, கல்லறையோ, காசோ அதனுடன் காலம் காட்ட இல்லை. ஆனால் இங்கிலாந்தில் வால்டர் டி மைல்மீட் என்பார் இளவரசருக்கென எழுதுவித்து, இன்று ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் இருக்கும் 1326ஆம் ஆண்டு ஏட்டில், இதே பூச்சாடி வடிவக் கலன் ஒரு மேடைமேல் கிடக்க, அதன் வாயினின்று பேரம்பு ஒன்று கோட்டை வாயிலை நோக்கிப் பாயும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. வடிவ ஒற்றுமை கண்ட அறிஞர்கள் லோஷுல்ட் கலனை 1330–1350 காலத்துக்கு உரியதாக்கினர்.

இக்கணிப்பு பொருத்தமற்றது எனல் ஆகாது. ஆனால் அதன் வலிமை எவ்வளவு என்பதை அறிதல் வேண்டும். படம் 1326இல் இவ்வடிவம் அறியப்பட்டிருந்தது என்று காட்டுகிறது. இவ்வடிவம் எப்போது கைவிடப்பட்டது என்று காட்டவில்லை. மேலும், லோஷுல்ட் கலன் இருந்ததால்தான் மைல்மீட் ஏட்டின் படம் கற்பனையன்று என்று பலர் நம்பினர். மைல்மீட் படம் இருந்ததால்தான் லோஷுல்ட் கலன் இவ்வளவு பழமையானது என்றும் நம்பினர். ஒருவர் தோளில் மற்றவர் சாய்ந்து நிற்பது போன்ற நிலை இது. இருவரும் விழாமல் நிற்கலாம். ஆனால் தரையில் ஊன்றிய மூன்றாமவர் ஒருவர் தேவை. எடையை நோக்கினால், கையில் ஏந்திச் சுடுவதற்கு உரியதன்று லோஷுல்ட் கலன். கைப்பீரங்கி வரலாற்றின் முதற்பக்கத்தில் அதனை வைக்கும் வழக்கத்தில், சிறியன எல்லாம் கையில் ஏந்துவன என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது.

சுவீடனின் மோர்க்கோ அருகே கடலடியில் கிடைத்த சிறு வெண்கலக் குழலில் தாடியுள்ள முகமும் எழுத்துகளும் கொக்கியும் உள்ளன. எழுத்திருந்தும் ஆண்டில்லை. கடலில் மண்ணடுக்கின் துணையும் இல்லை. எனவே அதனை 14ஆம் நூற்றாண்டின் இறுதியோடு சேர்ப்பதற்கு டானென்பெர்க் குழலோடு ஒப்பிடுவதும் ஒரு காரணமாயிற்று. டானென்பெர்க் குழலில் கொக்கி இல்லை. மோர்க்கோ குழலில் உண்டு. இரண்டும் ஒரு காலத்தன என்றால் ‘கொக்கி பிற்காலத்தது’ என்ற விதி தளர்கிறது. விதி உறுதி என்றால் காலக்கணிப்பு தளர்கிறது. இரண்டையும் ஒருசேரப் பற்ற இயலாது.

ஏட்டோவியங்களுக்கு இன்னும் இரு குறைகள் உண்டு. கொன்ராட் கீசர் 1405இல் முடித்த ‘பெல்லிஃபோர்ட்டிஸ்’ என்னும் போர்க்கலை நூல் அந்நூற்றாண்டு முழுதும் படியெடுக்கப்பட்டது. படியெடுத்த ஓவியர் மூலத்திலிருந்த பழங்கலனையே வரைந்தார். அதனால் 1450இல் எழுதிய படியில் 1405இன் கலன் நிற்கும். இதற்கு நேர்மாறானது வரலாற்றேடுகளின் நிலை. 1480களில் பெர்ன் நகரத்து டீபோல்ட் ஷில்லிங் தம் வரலாற்றேட்டில் 1339ஆம் ஆண்டின் லௌப்பன் போரை விளக்கும் படங்களில், வீரர்கள் ஷில்லிங் காலத்துக் கவசத்தையே அணிந்திருக்கின்றனர். முன்னோர் போரைத் தம் கண்ணெதிரே கண்ட உடையில் தீட்டுவது எந்நாட்டு ஓவியர்க்கும் இயல்பு. ஆகவே ஒரு படத்தின் கீழுள்ள ஆண்டும், படம் சொல்லும் கதையின் ஆண்டும், அதில் உள்ள கருவியின் ஆண்டும் வெவ்வேறானவை என்பதை மறத்தலாகாது.

போலியும் பிற்காலத்தவையும்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வரிடையே இடைக்காலப் பொருள்களின்மீது பெருமோகம் உண்டாயிற்று. தேவை பெருகவே போலிகளும் பெருகின. வாளையும் கவசத்தையும் போலியாகச் செய்வதைவிடக் கைப்பீரங்கியைச் செய்வது எளிது. ஒரு குழல், ஒரு துளை, சிறிது துரு இருந்தாற் போதும். ஏமாற்றும் எண்ணமின்றிச் செய்யப்பட்ட பொருள்களும் மயக்கம் தருகின்றன. ஆல்ப்ஸ் மலைப்பகுதி ஊர்களில் திருவிழாவிலும் திருமணத்திலும் ஓசை எழுப்பச் சுட்ட ‘பொல்லர்’ என்னும் சிறு வெடிக்குழல்கள் அண்மைக்காலம் வரை செய்யப்பட்டன. நம் கோயில்களில் போடும் அதிர்வேட்டுக் குழாய்களோடு ஒப்பிடத்தக்கவை அவை. காம்பு ஒடிந்து, துருவேறிக் கிடக்கும் பொல்லர் ஒன்று ஏலக்கடையில் ‘14ஆம் நூற்றாண்டு’ என விலைபோவது அரிதன்று. சீனக் குழல்கள் ஐரோப்பியக் குழல்களாக மாறிவிடுதலும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் துணைசெய்கிறது. வெண்கலம் என்று கருதிய உலோகத்தில் துத்தநாகம் மூன்றில் ஒரு பங்குக்கும் மிகுதியாக இருந்தால் ஐயம் கொள்ளவேண்டும். கனிமத்தையும் செம்பையும் கரியோடு சேர்த்துச் சூடாக்கும் பழைய முறையில் 30 விழுக்காட்டை ஒட்டிய அளவுக்கு மேல் துத்தநாகம் சேர்வதில்லை. தனித் துத்தநாகத்தை உருக்கிச் சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1781இல்தான். இரும்புக் குழலாயின், அதிலுள்ள கரியணுவையே கதிரியக்கக் கரி முறையால் ஆராயலாம். மரக்கரியால் உருக்கிய இரும்பு, மரம் வாழ்ந்த காலத்தைக் காட்டும். 1709இல் ஆபிரகாம் டார்பி நிலக்கரிக் கல்லால் இரும்பு உருக்கும் முறையைத் தொடங்கிவைத்த பின் வந்த இரும்போ, பல்லாயிரம் ஆண்டுப் பழமையைக் காட்டித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

எனினும் பொய்யை மறுப்பதில் காட்டும் வன்மையை மெய்யின் ஆண்டைச் சொல்வதில் அறிவியல் காட்டுவதில்லை. பிடிக்கட்டையின் மரத்தைக் கதிரியக்க முறையில் கணித்தால், அக்கணிப்பைத் திருத்தும் அளவைக்கோடு 14ஆம் நூற்றாண்டில்தான் வளைந்து நெளிகிறது. ஒரே அளவீடு அந்நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இறுதிக்கும் ஒருங்கே பொருந்தும். கைப்பீரங்கி வரலாற்றுக்கு எந்த ஐம்பது ஆண்டு வேறுபாடு முதன்மையானதோ, அதே வேறுபாட்டில் கருவி வாய்மூடி நிற்கிறது. மேலும் மரத்தின் காலம் குழலின் காலமன்று. பழைய மரத்தில் புதுக்குழலும், பழைய குழலுக்குப் புது மரமும் பூட்டப்படலாம்.

அட்டையில் எழுதத்தக்கது

நூரம்பெர்க் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எஸ்ஸென்வைன் 1870களில் சுடுகலன் வரலாற்றுக்குரிய மூலங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1928இல் ராத்கென் நகரக் கணக்கேடுகளைத் துருவிப் பழங்கதைகள் பலவற்றை அகற்றினார். 1960இல் பார்ட்டிங்டன் கிரேக்கத் தீ முதல் வெடிமருந்து வரை சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். 1986இல் நீடாம் சீனத்தின் முதன்மையை நிலைநாட்டினார். இந்நீண்ட உழைப்பின் பயனாகச் சேர்ந்த புதிய ஆண்டுகளைவிட, நீக்கப்பட்ட பொய்யாண்டுகளே மிகுதி எனலாம். அது குறையன்று. தவறான உறுதியைக் கைவிடுதலும் அறிவின் வளர்ச்சியே.

ஒரு கைப்பீரங்கியின் அட்டையில் நேர்மையாக எழுதத்தக்கவை மூன்று. உறுப்புகள் காட்டும் மேலெல்லை. கிடைத்த இடம் காட்டும் கீழெல்லை. அவ்விரண்டும் எச்சான்றால் பெறப்பட்டன என்ற விளக்கம். டானென்பெர்க் குழலுக்கு இவ்வகையில் ‘14ஆம் நூற்றாண்டின் பிற்பாதி, 1399க்குப் பிந்தியதன்று, அவ்வாண்டு வீழ்ந்த கோட்டையின் கிணற்றில் கிடைத்தது’ என்று எழுதலாம். லோஷுல்ட் கலனுக்கு ‘14ஆம் நூற்றாண்டு என்பது ஓவிய ஒப்பீட்டால் பெற்ற கருத்து’ என்று எழுதுவதே தகும். இரண்டுக்கும் ‘அளவில்’ என்ற ஒரே சொல்லைச் சூட்டுவது, கிணற்றின் சான்றையும் ஓவியத்தின் சான்றையும் ஒரே தராசுத் தட்டில் வைப்பதாகும்.

1399 ஜூலையில் அக்குழல் கிணற்றில் விழுந்தது எவ்வாறு என்பதை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. காவலன் ஒருவன் எறிந்திருக்கலாம். இடிந்த சுவரோடு சரிந்திருக்கலாம். முற்றுகையில் வென்ற இளவரசரின் பெயரும் பேராயரின் பதவியும் ஏடுகளில் நிலைத்தன. அக்குழலைக் கையில் பிடித்தவன் பெயர் நிலைக்கவில்லை. அவன் கலனுக்கு உரிய காலத்தையேனும் பிழையின்றிச் சொல்வது வரலாறு எழுதுவோர் அவனுக்குச் செலுத்தவேண்டிய கடன்.